எழுத்துக்குப் பின்னால் ஒரு பரப்பு: டெக்ஸ்சர் பின்னணி உருவாக்கும் அடிப்படைகள்

தங்க நிறத்தில் ஓர் எழுத்து. விளிம்பில் பளபளப்பு, அடியில் நிழல், நடுவில் ஒரு வெளிச்சக் கீற்று என்று எல்லாம் சரியாக வந்திருக்கிறது. ஆனால் தட்டையான கறுப்புப் பின்னணியில் வைத்ததும் அது வெட்டி ஒட்டியதுபோல் ஒட்டாமல் நிற்கிறது. டெக்ஸ்ட் எஃபெக்ட் பழகத் தொடங்கியவர்கள் இந்த இடத்தில் எழுத்தைத்தான் திரும்பத் திரும்பத் திருத்துவார்கள். விளிம்பை மேடாகக் காட்டும் பெவலைக் கூட்டுவார்கள், நிழலை நீட்டுவார்கள், நிறம் படிப்படியாக மாறும் இன்னொரு கிரேடியன்ட் போடுவார்கள். குறை பெரும்பாலும் எழுத்து நிற்கும் இடத்தில் இருக்கும்.

பளபளப்பு இருக்கிறதென்றால் எங்கோ ஒரு விளக்கு எரிகிறது. நிழல் இருக்கிறதென்றால் அது விழ ஒரு தளம் இருக்கிறது. ஒரே நிறம் நிரப்பிய பின்னணியில் விளக்கின் அடையாளமும் இல்லை, தளத்தின் அடையாளமும் இல்லை. அதனால்தான் எழுத்து அந்தரத்தில் தொங்குகிறது. அந்தத் தளத்தைக் கொடுப்பதுதான் டெக்ஸ்சரின் வேலை. இது கல், இது பழைய காகிதம், இது துருவேறிய தகடு என்று கண் ஒரு நொடியில் முடிவுகட்டிவிடும். அதன்பின் எழுத்தின் மீதான ஒளியையும் நிழலையும் அது கேள்வி கேட்காமல் ஏற்றுக்கொள்ளும்.

ஆனால் பின்னணி பாட்டுக்குச் சுருதிபோல இருக்க வேண்டும். கேட்டுக்கொண்டே இருக்கும், பாட மட்டும் பாடாது. அழகான டெக்ஸ்சரைத் தேடிப் பிடித்து அதன்மேல் எழுத்தை வைத்தால் இரண்டும் மோதிக்கொள்ளும். எழுத்தை முதலில் வையுங்கள். அதன் கோடு எத்தனை பிக்சல் தடிமன் என்று பாருங்கள். பின்னணியில் என்ன இருக்கலாம், என்ன இருக்கக்கூடாது என்பதை அந்த ஓர் எண் முடிவு செய்யும். இந்தக் கட்டுரை அந்த எண்ணைச் சுற்றித்தான் நகரப்போகிறது.

மெனுப் பெயர்களை ஃபோட்டோஷாப்பில் உள்ளபடி சொல்கிறேன். கிம்ப், கிரிட்டா, பிரவுசரிலேயே திறக்கும் ஃபோட்டோபீ ஆகியவற்றிலும் இதே வேலையைச் செய்ய முடியும். பெயரும் இடமும் கொஞ்சம் மாறும், அவ்வளவுதான்.

பிக்சல் அளவில் டெக்ஸ்சர்

ஓர் அடர் சாம்பல் பரப்பை எடுத்துக்கொள்ளுங்கள். சாதாரண 8 பிட் படத்தில் சிவப்பு, பச்சை, நீலம் என்ற ஒவ்வொரு நிற சேனலுக்கும் 0 முதல் 255 வரை 256 படிகள் உண்டு. தட்டையான பின்னணியில் பக்கத்துப் பக்கத்துப் பிக்சல்களைப் பார்த்தால் 60, 60, 60, 60, 60 என்றே போகும். அதையே லேசான சொரசொரப்புள்ள பரப்பாக மாற்றினால் 57, 63, 60, 55, 65 என்று வரும். சராசரி அதே 60. தூரத்திலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே நிறம். கிட்டே வந்தால் ஒன்று வெறும் நிறம், மற்றொன்று ஒரு பொருளின் மேற்பரப்பு. டெக்ஸ்சர் என்பது அடிப்படையில் வெளிச்சத்தில் ஏற்படும் இந்தச் சின்ன ஏற்ற இறக்கம்தான். நிற வேறுபாடு இரண்டாம்பட்சம்.

இந்த ஏற்ற இறக்கம் மூன்று அளவுகளில் நடக்கிறது. மணல்துகள்போல ஓரிரு பிக்சலுக்குள் மாறுவது நுண்மணி. கீறல், வெடிப்பு, தெறித்த புள்ளிகள், காகித நார் எல்லாம் நடுத்தர அளவு. சுவரில் ஒரு பக்கம் வெளுத்தும் மறுபக்கம் கறுத்தும் இருப்பதுபோல நூற்றுக்கணக்கான பிக்சல்களுக்குப் பரவியிருப்பது பெருந்திட்டு. உண்மையான பரப்புகளில் இம்மூன்றும் சேர்ந்தே இருக்கும். கணினியில் செய்த டெக்ஸ்சர் செயற்கையாகத் தெரிகிறதென்றால் முதலில் நான் பார்ப்பது இதைத்தான். பெரும்பாலும் நுண்மணி மட்டும் இருக்கும், மற்ற இரண்டும் இருக்காது. துகள்களைத் தூவும் நாய்ஸ் ஃபில்டரை ஒரு தடவை ஓட்டிவிட்டு அதோடு நிறுத்தியிருப்பார்கள்.

நுண்மணிக்கு இன்னொரு முக்கியமான பயன் உண்டு. 1920 பிக்சல் அகலப் பின்னணியில் 30 என்ற அடர் சாம்பலிலிருந்து 50 வரை ஒரு மெல்லிய கிரேடியன்ட் போடுங்கள். 30-க்கும் 50-க்கும் நடுவே கணினியிடம் இருப்பது மொத்தம் 21 படிகள். ஆகவே ஒவ்வொரு படியும் ஏறத்தாழ 91 பிக்சல் அகலப் பட்டையாகிவிடும். இருண்ட பின்னணிகளில் வரிவரியாகத் தெரியும் அந்தப் பட்டைகள் இப்படித்தான் பிறக்கின்றன. பேண்டிங் என்பார்கள். இதற்கு மேல் துளி நாய்ஸ் தூவினால் பட்டைகளின் எல்லை சிதறிவிடும். 38-லிருந்து 39-க்கு ஒரே கோட்டில் தாவாமல் இரண்டும் கலந்து கிடக்கும், கண் அதைச் சீரான மாற்றமாகவே எடுத்துக்கொள்ளும். வேறு எந்த டெக்ஸ்சரும் வேண்டாம் என்று முடிவு செய்தாலும் இருண்ட கிரேடியன்டுக்கு இந்த நுண்மணியை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

கோட்டின் தடிமன்தான் அளவுகோல்

ரோமன் எழுத்துகளை வைத்து ஜோஷ்வா சாலமன், டெனிஸ் பெல்லி என்ற பார்வை ஆய்வாளர்கள் இருவரும் செய்த ஆய்வு ஒன்று 1994-இல் நேச்சர் இதழில் வந்தது. ஓர் எழுத்தை அடையாளம் காணும்போது கண் எல்லா நுணுக்கங்களையும் சமமாகப் பயன்படுத்துவதில்லை என்று அது காட்டியது. எழுத்தின் அகலத்துக்குள் ஏறத்தாழ மூன்று தடவை வெளிச்சமும் இருளும் மாறி மாறி வரும் அளவுதான் முக்கியம். அந்த அளவில் இரைச்சல் (நாய்ஸ்) கலந்தால் எழுத்தைப் படிக்க முடியாமல் போகிறது. அதைவிட மிக நுண்ணிய இரைச்சலும் மிகப் பெரிய இரைச்சலும் அவ்வளவாகத் தொந்தரவு செய்வதில்லை.

அந்த அளவு, தடித்த எழுத்துருக்களில் ஏறக்குறைய கோட்டுத் தடிமனுக்குப் பக்கத்தில் வருகிறது. உங்கள் எழுத்தின் கோடு 40 பிக்சல் என்று வைத்துக்கொள்வோம். பின்னணியில் 1 முதல் 3 பிக்சல் வரையுள்ள நுண்மணி எவ்வளவு இருந்தாலும் எழுத்துக்கு ஆபத்தில்லை. 300, 400 பிக்சலுக்குப் பரவிய மென்மையான திட்டுகளாலும் பிரச்சினை இல்லை. 15 பிக்சலிலிருந்து 100 பிக்சல் வரை உள்ள கீறல்களும் கறைகளும் கட்டங்களும்தான் எழுத்தோடு சண்டைக்கு வருபவை. இது துல்லியமான எல்லைக்கோடு கிடையாது, கைக்கணக்கு. ஆனாலும் ஒரு டெக்ஸ்சர் ஏன் படுத்துகிறது என்று புரியாமல் தவிக்கும்போது இதை வைத்துப் பார்த்தால் பெரும்பாலும் காரணம் அகப்பட்டுவிடும்.

அதே டெக்ஸ்சர் ஒரு தலைப்புக்கு நன்றாகவும் அதன் கீழுள்ள சிறிய வரிக்கு மோசமாகவும் இருப்பதன் காரணமும் இதில் இருக்கிறது. தலைப்பின் கோடு 40 பிக்சல் என்றால் 3 பிக்சல் மணி அதற்குத் தூசு. சின்ன வரியின் கோடே 3 பிக்சல்தான் என்றால் அந்த மணி அதைத் தின்றுவிடும்.

தமிழ் எழுத்துகளுக்கு இதில் கூடுதல் கவனம் தேவை. ண, ஞ போன்றவற்றில் சுழிகளுக்குள் இருக்கும் இடைவெளி சின்னது. அதில் கறை விழுந்தால் சுழி அடைபட்டதுபோல் தெரியும். அதைவிடச் சிக்கல் மெய்யெழுத்தின் புள்ளி. அதன் விட்டம் ஏறத்தாழ கோட்டுத் தடிமன் அளவுதான் இருக்கும். மை தெறித்த மாதிரியான பின்னணியில் அதே அளவுப் புள்ளிகள் சிதறிக் கிடந்தால், எது எழுத்தின் புள்ளி, எது பின்னணியின் புள்ளி என்று கண் தடுமாறும். ‘கண்’ என்பது ‘கண’ ஆகிவிடும். அதனால் தெறிப்பு வகை டெக்ஸ்சர்களைத் தமிழ் எழுத்தோடு பயன்படுத்தும்போது எழுத்துகளின் மேற்பகுதியைச் சுற்றி நன்றாகத் துடைத்துவிடுவது நல்லது.

ஒன்றைச் செய்து பார்ப்போம்

1920 × 1080 பிக்சல் கேன்வாஸ். நடுவில் ஒரு தடித்த சொல், கோடு 40 பிக்சல். எழுத்து லேயரை மேலேயே வைத்துவிட்டு அதற்குக் கீழே வேலையைத் தொடங்குகிறோம். ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும் கண்ணாடித் தாள்கள் போன்றவை லேயர்கள். மூன்று அளவுகளுக்கும் மூன்று தனி லேயர்கள். ஃபோட்டோஷாப்பின் முதல் பதிப்பு 1990-இல் வந்தது, லேயர் என்ற வசதி 1994-இல் 3.0 பதிப்பில்தான் சேர்ந்தது. கையில் அந்த வசதி இருக்கும்போது எல்லாவற்றையும் ஒரே லேயரில் கலந்துவிட்டுப் பிறகு பிரிக்க முடியாமல் தவிக்க வேண்டியதில்லை.

பெருந்திட்டிலிருந்து ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் பரப்பின் பொதுவான மனநிலையை அதுதான் தீர்மானிக்கிறது. ஃபோர்கிரவுண்ட் நிறமாக 30 அளவுச் சாம்பலையும் பேக்கிரவுண்ட் நிறமாக 44 அளவுச் சாம்பலையும் தேர்ந்தெடுங்கள். ஃபில்டர் மெனுவில் ரெண்டர், அதில் கிளவுட்ஸ். புகைபோன்ற ஒரு பரவல் வரும். இரண்டு நிறங்களும் நெருக்கமாக இருப்பதால் அது அடக்கமாகவே இருக்கும். பலர் கறுப்பையும் வெள்ளையையும் வைத்து இதை ஓட்டிவிட்டு, வந்த புயல்மேகத்தை எப்படி அடக்குவது என்று போராடுவார்கள். வீச்சை நிறத் தேர்விலேயே கட்டிப்போட்டுவிட்டால் அந்தப் போராட்டமே இல்லை.

இந்த மாதிரிப் புகைத் தோற்றத்துக்குப் பின்னால் உள்ள கணிதம் கவனிக்கத்தக்கது. கணினி உருவாக்கிய படங்கள் அளவுக்கு மீறி வழுவழுப்பாக, இயந்திரத்தனமாக இருந்த காலத்தில், இயல்பாகத் தோன்றும் ஒழுங்கின்மையை உருவாக்க ஒரு வழியைக் கணினி வரைகலை ஆய்வாளர் கென் பெர்லின் கண்டுபிடித்தார். 1985-இல் அதை ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்டார். 1997-இல் ஆஸ்கர் அகாதமியின் தொழில்நுட்ப விருது அதற்காக அவருக்குக் கிடைத்தது. கிம்ப்பில் இதே வகை ஃபில்டர் ஒன்றுக்குப் பெர்லின் நாய்ஸ் என்றே பெயர். அதைப் பெரும்பாலும் அடுக்கடுக்காகப் பயன்படுத்துவார்கள். முதலில் பெரிய அலைகள், அதன்மேல் பாதி அளவும் பாதி வலிமையும் கொண்ட அலைகள், அதன்மேல் அதிலும் பாதி என்று கூட்டிக்கொண்டே போவார்கள். பெரியது வலுவாக, சிறியது மெலிதாக இருக்கும் இந்த விகிதம் இயற்கைப் பரப்புகளின் தோற்றத்துக்கு மிக அருகில் வருகிறது. நாம் கையால் அடுக்கும்போதும் இதை மனத்தில் வைத்துக்கொள்ளலாம்.

இப்போது அந்தக் கிளவுட்ஸ் லேயரை நான்கு மடங்கு பெரிதாக்குங்கள். மங்கலாகிவிடுமே என்று கவலை வேண்டாம், மங்கல்தான் வேண்டும். திட்டுகள் விரிந்து, எழுத்தோடு மோதும் அளவைத் தாண்டிப் போய்விடும். ஆனால் 30-க்கும் 44-க்கும் நடுவே உள்ள 15 படிகளை இவ்வளவு தூரம் இழுத்ததால் மேலே சொன்ன பேண்டிங் எட்டிப் பார்க்கும். அடுத்த லேயர் அதைச் சரிசெய்யும்.

நுண்மணிக்குப் புதிய லேயர். அதில் 50 சதவீதச் சாம்பலை, அதாவது 128-ஐ நிரப்பி, பிளென்ட் மோடை, அதாவது லேயர் தனக்குக் கீழுள்ளதோடு கலக்கும் முறையை, ஓவர்லே என்று மாற்றுங்கள். படத்தில் எந்த மாற்றமும் தெரியாது. ஓவர்லேயில் நடுச்சாம்பல் ‘ஒன்றும் செய்யாதே’ என்ற கட்டளை. இப்போது இந்த லேயரில் ஆட் நாய்ஸ் ஓட்டுங்கள். 8 சதவீதம், காஸியன், மோனோகுரோமேட்டிக். மோனோகுரோமேட்டிக் பெட்டியில் டிக் போடாவிட்டால் சிவப்பும் பச்சையும் நீலமுமாகத் துகள்கள் சிதறும். பழைய கேமராவில் இருட்டில் எடுத்த படம்போல் ஆகிவிடும். நாய்ஸைத் தனி லேயரில் வைத்ததன் பலனைப் பிறகு உணர்வீர்கள். அதிகமாகத் தோன்றினால், லேயர் எவ்வளவு தெரிய வேண்டும் என்பதைச் சொல்லும் ஒப்பாசிட்டியைக் குறைத்தால் போதும், எதையும் திரும்பச் செய்ய வேண்டியதில்லை.

கடைசியாக நடுத்தர அளவு. ஆபத்தான அளவு இதுதான், ஆனால் பரப்புக்கு ஒரு வரலாறு கொடுப்பதும் இதுதான். பயன்பட்ட, தேய்ந்த, காலம் பட்ட பொருள் என்ற உணர்வு கீறலிலும் கறையிலும்தான் வருகிறது. ஒரு கரடுமுரடான பிரஷ்ஷை எடுத்து, பின்னணியைவிடக் கொஞ்சம் வெளுத்த, 65 போன்ற சாம்பலில் சில கீறல்களும் தேய்மானங்களும் இடுங்கள். ஓரங்களில் அதிகமாக, நடுவில் குறைவாக. லேயர் ஒப்பாசிட்டி 25 சதவீதம்போல இருக்கட்டும். பிறகு இந்த லேயருக்கு மட்டும், எதையும் அழிக்காமல் மறைக்க உதவும் ஒரு லேயர் மாஸ்க் சேர்த்து, எழுத்துக்குப் பின்னால் வரும் பகுதியை மென்மையான கறுப்பு பிரஷ்ஷால் மறைத்துவிடுங்கள். முழுவதுமாக வேண்டாம், முக்கால்வாசி போதும். மூன்று அளவுகளையும் தனியே வைத்ததன் முழுப் பயன் இந்த மாஸ்க்கில் கிடைக்கிறது. எழுத்தைச் சுற்றி மணியும் திட்டும் அப்படியே தொடர்கின்றன, கீறல்கள் மட்டும் ஒதுங்கிக்கொள்கின்றன. பார்ப்பவருக்கு எதையும் துடைத்த தடமே தெரியாது. எழுத்துக்குப் பின்னால் ஒரு மங்கலான பெட்டி போட்டுப் படிக்க வைப்பதைவிட இது எவ்வளவோ நயமான வழி.

இனி ஒளி. வெள்ளையிலிருந்து ஒன்றுமில்லாததற்குப் போகும் ரேடியல் கிரேடியன்ட் ஒன்றை எழுத்துக்குப் பின்னால் பெரிதாக வைத்து, சாஃப்ட் லைட் மோடுக்கு மாற்றி, போதுமான அளவுக்குக் குறையுங்கள். மூலைகளைக் கொஞ்சம் இருட்டாக்குங்கள். கண் தானாக நடுவுக்கு வரும். நிறத்தை எல்லாவற்றுக்கும் மேல், எழுத்துக்குக் கீழ், ஒவ்வொரு சாம்பல் அளவையும் ஒரு நிறமாக மாற்றும் ஒரே கிரேடியன்ட் மேப் அட்ஜஸ்ட்மென்ட் லேயராகப் போடுவதே எனக்குப் பிடித்த முறை. கீழேயுள்ள எல்லாம் சாம்பலாகவே இருப்பதால் பின்னணியைத் துருவின் செம்பழுப்பிலிருந்து ஈரக்கல்லின் நீலச் சாம்பலுக்கு ஒரே நொடியில் மாற்றிப் பார்க்கலாம்.

ஓவர்லே ஏன் சில நேரம் வேலை செய்வதில்லை

பிளென்ட் மோட் பட்டியலை மேலிருந்து கீழாகச் சொடுக்கிக்கொண்டே போய், நன்றாகத் தெரிவதில் நிறுத்துவதுதான் பலரின் வழக்கம். நான்கு மோட்களின் கணக்கு தெரிந்தால் அந்தத் தேடல் தேவைப்படாது.

கீழே 120, மேலே டெக்ஸ்சரில் 200 என்று ஒரு பிக்சல் இருக்கட்டும். மல்டிப்ளை இரண்டையும் பெருக்கி 255-ஆல் வகுக்கும். விடை 94. எப்போதும் இருட்டாக்கும், வெள்ளை மட்டும் மறைந்துவிடும். வெள்ளைக் காகிதத்தில் இருக்கும் மைக்கறையைப் பரப்பின்மேல் படியவைக்க இது ஏற்றது. ஸ்கிரீன் இதன் தலைகீழ். விடை 226. எப்போதும் வெளிச்சமாக்கும், கறுப்பு மறைந்துவிடும். கறுப்புப் பின்னணியில் எடுத்த தூசு, கீறல் படங்களுக்கு இது. ஓவர்லே கீழிருக்கும் நிறத்தைப் பார்த்து முடிவெடுக்கும். அது இருட்டாக இருந்தால் மல்டிப்ளை பாணி, வெளிச்சமாக இருந்தால் ஸ்கிரீன் பாணி. இங்கே விடை 188. சாஃப்ட் லைட் அதன் மென்மையான தம்பி.

ஓவர்லேயின் கணக்கைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். கீழே இருட்டாக இருந்தால் அது இரண்டு மதிப்புகளையும் பெருக்கி, இரண்டால் பெருக்கி, 255-ஆல் வகுக்கிறது. கீழே 0 என்றால்? எதைப் பெருக்கினாலும் 0. அதனால்தான் முழுக் கறுப்பின்மேல் எந்த டெக்ஸ்சரை ஓவர்லேயில் வைத்தாலும் எதுவும் தெரிவதில்லை. கோப்பு கெட்டுவிட்டதோ, மென்பொருள் கோளாறோ என்று பலர் குழம்பும் இடம் இது. முழு வெள்ளையிலும் இதே கதைதான். நாம் பின்னணியை 30-க்கும் 44-க்கும் நடுவே வைத்ததற்கு இதுவே காரணம். அங்கேயும் வீச்சு சுருங்கவே செய்யும். பின்னணி 36 என்றால் நாய்ஸ் லேயரில் 20 படி ஏற்ற இறக்கம் இருந்தால் படத்தில் ஐந்தாறு படிதான் தெரியும். 8 சதவீதம் என்பது எண்ணாகப் பெரிதாகத் தோன்றினாலும் கண்ணுக்கு அடக்கமாக இருப்பது அதனால்தான். இதே நாய்ஸை நடுச்சாம்பல் பின்னணியில் வைத்தால் ஏறத்தாழ மூன்றரை மடங்கு கூச்சலிடும்.

புகைப்படத்திலிருந்து டெக்ஸ்சர்

கணினியில் உருவாக்குவதைவிட உண்மையான பரப்பைப் படமெடுத்துப் பயன்படுத்துவது பல நேரம் நல்ல பலன் தரும். இயற்கையின் ஒழுங்கின்மையை முழுதாக எந்த ஃபில்டராலும் தர முடிவதில்லை. எடுக்கும்போது ஒளி மட்டும் முக்கியம். நேரெதிரே ஃபிளாஷ் அடித்தால் சுவரின் மேடுபள்ளம் எல்லாம் தட்டையாகிவிடும். ஒளி பக்கவாட்டில், பரப்பை உரசிக்கொண்டு வர வேண்டும். அப்போது ஒவ்வொரு மேடும் ஒரு சின்ன நிழலை விடும், டெக்ஸ்சர் எழுந்து நிற்கும். காகிதத்துக்கு ஸ்கேனர் போதும். கசக்கி விரித்த ஏ4 தாளை 300 டிபிஐ-யில், அதாவது அங்குலத்துக்கு 300 புள்ளியில், ஸ்கேன் செய்தால் ஏறத்தாழ 2480 × 3508 பிக்சல் கிடைக்கும். பெரும்பாலான திரை வேலைகளுக்கு அது தாராளம்.

பக்கவாட்டு ஒளியில் எடுத்த படத்தில் ஒரு சிக்கல் கூடவே வரும். விளக்குப் பக்கம் வெளிச்சமாகவும் எதிர்ப்பக்கம் இருட்டாகவும் இருக்கும். அதை அப்படியே ஓவர்லேயில் வைத்தால் நம் பின்னணியும் ஒரு பக்கம் சாய்ந்துவிடும். இதற்கு ஹை பாஸ் ஃபில்டர் அருமையான மருந்து. படத்தைக் கறுப்பு வெள்ளையாக்கிவிட்டு ஹை பாஸை ஓட்டினால், பெரிய ஒளி மாற்றங்களை நீக்கிவிட்டு, நீங்கள் தரும் ஆரத்தைவிடச் சிறிய நுணுக்கங்களை மட்டும் வைத்துக்கொள்ளும். மீதி எல்லாம் நடுச்சாம்பல் 128 ஆகிவிடும். ஓவர்லேயில் ‘ஒன்றும் செய்யாதே’ என்று பொருள்படும் அதே சாம்பல். ஆரத்தை எவ்வளவு வைப்பது என்பதற்கும் நம் கோட்டுத் தடிமனே வழிகாட்டி. 40 பிக்சல் கோட்டுக்கு 5 அல்லது 6 பிக்சல் ஆரம் வைத்தால், எழுத்தோடு மோதும் அளவுகள் பெரும்பாலும் வடிகட்டப்பட்டு மேற்பரப்பின் மணி மட்டும் மிஞ்சும்.

இணையத்தில் எடுத்த டெக்ஸ்சர் என்றால் அதன் உரிமத்தை வாசித்துவிட்டே பயன்படுத்துங்கள். கிரியேட்டிவ் காமன்ஸ் 2009-இல் வெளியிட்ட சிசி0 என்ற முறையில் வந்தவற்றை எந்த நிபந்தனையும் இல்லாமல் பயன்படுத்தலாம். சிசி பிஒய் என்றிருந்தால் உருவாக்கியவர் பெயரைக் குறிப்பிட வேண்டும். யாரோ ஒருவர் படமெடுத்து, வெட்டித் திருத்தி வைத்த உழைப்பு அது.

எழுத்தும் பரப்பும் ஒட்டும் இடம்

பின்னணி தயாரானபின் ஒளியின் திசையைச் சரிபாருங்கள். சுவரின் மேடுகள் இடப்பக்கத்திலிருந்து ஒளி வாங்கியிருக்க, எழுத்தின் பெவல் வலப்பக்கம் மின்னினால், பார்ப்பவருக்குக் காரணம் சொல்லத் தெரியாது, ஆனால் ஏதோ பொய் என்று தெரிந்துவிடும். பெவலின் கோணத்தை மாற்றுங்கள், அல்லது டெக்ஸ்சரைக் கிடைமட்டமாகத் திருப்புங்கள். நிழலின் பிளென்ட் மோட் மல்டிப்ளையாகவே இருக்கட்டும். அப்போதுதான் நிழலுக்கு உள்ளேயும் பரப்பின் மணி தொடரும். முழுக் கறுப்பில் அடர்த்தியாக விழும் நிழல் பரப்பில் ஓட்டை போட்டதுபோல் இருக்கும்.

நியான் எழுத்துக்குத் தனியாகச் சில சொற்கள். எழுத்தை நகலெடுத்து, மங்கலாக்கி, ஸ்கிரீன் மோடில் வைப்பது எல்லோரும் செய்வது. அது தரும் ஒளி காற்றில் மிதக்கும் மூடுபனி போன்றது. சுவர்மேல் பட்ட ஒளியாகத் தெரியாது. சுவரில் பட்ட ஒளி என்பது இயற்பியலில் விளக்கின் ஒளியைப் பரப்பு பிரதிபலிக்கும் விகிதத்தால் பெருக்கிய விடை. மேடு கூடுதலாக ஒளிரும், பள்ளம் அப்படியே இருண்டு கிடக்கும். அந்தத் தோற்றத்துக்கு இன்னொரு மங்கல் நகலை, கீழுள்ள வெளிச்சத்தைப் பெருக்கிக் காட்டும் கலர் டாட்ஜ் மோடில், குறைந்த ஒப்பாசிட்டியில், டெக்ஸ்சர் லேயர்களுக்கு நேர்மேலே வையுங்கள். கரடுமுரடான சுவரின் ஒவ்வொரு மணியும் அந்த நிறத்தைப் பிடித்துக்கொள்ளும். இரண்டும் சேர்ந்தால்தான் விளக்கு உண்மையாகவே எரியும்.

கல்லில் செதுக்கிய எழுத்து, தோலில் அழுத்திய எழுத்து போன்றவற்றில் பின்னணியின் டெக்ஸ்சரே எழுத்துக்குள்ளும் தொடர வேண்டும், கொஞ்சம் இருட்டாக. தங்கம், குரோம் போன்றவற்றில் எழுத்து வழுவழுப்பாகவும் பின்னணி சொரசொரப்பாகவும் இருக்கட்டும். அந்த முரண்தான் உலோகத்தை உலோகமாகக் காட்டும். பளபளப்பான எழுத்துக்குப் பின்னால் பளபளப்பான பின்னணி வைத்தால் இரண்டுமே பிளாஸ்டிக் ஆகிவிடும்.

சோதித்தலும் சேமித்தலும்

படத்தை 25 சதவீத அளவுக்குச் சுருக்கிப் பாருங்கள். பின்னணியில் எதுவாவது எழுத்துக்கு முன்னால் கண்ணை இழுத்தால் அதுதான் குறைக்க வேண்டியது. பிறகு நிறத்தை நீக்கிச் சாம்பலில் பாருங்கள். நிற வேறுபாட்டை மட்டும் நம்பி நிற்கும் எழுத்து அங்கே காணாமல் போய்விடும். இணைய உள்ளடக்க அணுகல்தன்மை நெறிமுறை சாதாரண எழுத்துக்கு 4.5-க்கு 1 என்றும், பெரிய எழுத்துக்கு 3-க்கு 1 என்றும் வெளிச்ச வேறுபாட்டைக் கேட்கிறது. வெள்ளை எழுத்தென்றால், சாம்பல் 118-ஐத் தாண்டாதவரை முதல் நிபந்தனையும், 148-ஐத் தாண்டாதவரை இரண்டாவதும் நிறைவேறும். டெக்ஸ்சர் உள்ள இடத்தில் இதைச் சராசரியில் அளக்காதீர்கள். வெள்ளை எழுத்தின் விளிம்பை ஒட்டிக் கிடக்கும் திட்டுகளில் மிக வெளுத்தது எதுவோ அங்கே அளந்து பாருங்கள். எழுத்து தோற்பதென்றால் அந்த இடத்தில்தான் தோற்கும்.

சேமிக்கும்போது நுண்மணி தன் விலையைக் கேட்கும். 1920 × 1080 படம் சுருக்கம் இல்லாமல் ஏறத்தாழ 62 லட்சம் பைட். தட்டையான நிறமாக இருந்தால் பிஎன்ஜி அதைச் சில கிலோபைட்டுக்குச் சுருக்கிவிடும், ஏனென்றால் ஒரே எண் திரும்பத் திரும்ப வருகிறது. நாய்ஸில் எதுவும் திரும்ப வருவதில்லை. அதனால் கோப்பு மெகாபைட் கணக்கில் வீங்கும். ஜேபெக் வேறு விதமாகக் கையாளும். படத்தை 8 × 8 பிக்சல் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் மிக நுண்ணிய மாற்றங்களை முதலில் கைவிடும். தரத்தை மிகவும் குறைத்தால் உங்கள் மணி கரைந்து, கட்டம் கட்டமாக அழுக்குப் படியும். பெரும்பாலான ஜேபெக் கோப்புகளில் நிறத் தகவல் வெளிச்சத்தைவிடக் குறைந்த துல்லியத்தில் சேமிக்கப்படுவதால், பல நிற நாய்ஸ் இன்னும் மோசமாகச் சிதையும். மோனோகுரோமேட்டிக் பெட்டியில் டிக் போடச் சொன்னதற்கு இதுவும் காரணம்.

படத்தைப் பிறகு சுருக்கினால் 1 பிக்சல் மணி சராசரியாகி மெலிந்துவிடும், அதோடு பேண்டிங் திரும்பி வரக்கூடும். ஆகவே நுண்மணி லேயரைக் கடைசி அளவில்தான் சேர்க்க வேண்டும். முதலில் படத்தைப் போகவேண்டிய அளவுக்குச் சுருக்குங்கள், பழைய நாய்ஸ் லேயரை நீக்குங்கள், அதேபோல் 128 சாம்பல் நிரப்பிய புதிய ஓவர்லே லேயரில் ஒரு தடவை நாய்ஸ் ஓட்டுங்கள். அடர்த்தி மிகுந்த திரைகளில் 1 பிக்சல் மணி கண்ணுக்கே எட்டாது. அவற்றுக்கு அந்த லேயரை இரண்டு மடங்கு பெரிதாக்கி 2 பிக்சல் மணியாக வைத்துவிட்டு ஏற்றுமதி செய்யுங்கள்.